அளவுகருவியின் பிராமாண்யம்

கோதமர் இயற்றிய நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், அறிவுக்குச் சாதனமான பிரமாணங்களையே ஒருவன் மறுத்து வாதாடும் இடம் ஒன்று வருகிறது. பொருள்களெல்லாம் பிரமாணத்தால் நிச்சயிக்கப்படுகின்றன என்றால் அந்தப் பிரமாணத்தை நிச்சயிப்பது எது, அதற்கு வேறொரு பிரமாணம் வேண்டுமென்றால் அந்த வேறொன்றுக்கும் இன்னொன்று வேண்டாமா, இப்படியே போனால் நிற்குமிடம்தான் ஏது என்பது அவனுடைய ஆட்சேபம். பௌத்த ஆசாரியரான நாகார்ஜுனர் விக்ரஹவ்யாவர்த்தனியில் இதே ஆட்சேபத்தை இன்னும் கூர்மையாக எழுப்பியிருக்கிறார். கோதமர் தரும் விடைகளில் ஒன்று தராசு. பொன்னை நிறுக்கும் வேளையில் தராசு அளக்கும் சாதனம். நிறை தெரிந்த பொன்னை இட்டுத் தராசையே சோதிக்கும் வேளையில் அது அளக்கப்படும் விஷயம். ஒரே வஸ்து சந்தர்ப்பத்துக்கேற்ப இரண்டுமாக நிற்பதில் விரோதம் ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. நிறை தெரிந்த பொன் கைவசம் இருக்கும் வரையில் இந்த விடை போதுமானதுதான். அப்படிப்பட்ட பொன் உலகத்திலேயே கிடைக்காத ஒரு விஷயத்தை அளக்கப் புகுந்தவன் என்ன செய்வான்? இந்தக் காலத்தில் அந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் தத்துவ பண்டிதர்கள் அல்லர். மருத்துவத்தையும் செவிலியத்தையும் கற்பிக்கும் ஆசிரியர்கள்.

அவர்களுடைய பாடசாலை சற்று விசித்திரமானது. மெய்யான நோயாளியின்மேல் கை வைப்பதற்கு முன்னால், மாணவனைப் பொய்யான நோயாளியிடம் விட்டுப் பழக்கும் முறைக்குச் சிமுலேஷன் என்று பெயர். பாவனைப் பயிற்சி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நார்வே தேசத்தில் ஸ்டாவாங்கர் நகரத்தில் விளையாட்டுப் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்மண்ட் லேர்டால் என்பவர், நின்றுபோன மூச்சையும் இருதயத்தையும் மீட்கும் சிகிச்சையைப் பழகுவதற்காக ரெசுஸி ஆன் என்னும் ஆளுயரப் பொம்மையை 1960-இல் வெளியிட்டார். பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் மூழ்கி இறந்தவள் என்று கதை வழங்கும், பேர் தெரியாத ஒரு பெண்ணின் சாவுமுகத்து அச்சுதான் அந்தப் பொம்மையின் முகம். இறந்தவளுடைய முகத்தின்மேல் வாய் வைத்து உயிர் கொடுக்கப் பழகும் இந்த ஏற்பாட்டைப் புராணக்காரர் எவரும் கற்பனை செய்யவில்லை. 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்னும் நரம்பியல் வைத்தியர், தேக சுகமுள்ள ஒருத்தியை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்களின் முன்னால் உட்கார வைத்தார். 1980-களில் ஸ்டான்போர்டில் டேவிட் காபா, ஒரு சத்திரசிகிச்சைக் கூடம் முழுவதையும் பாவனையாக அமைத்து, மயக்க மருந்து வைத்தியர்கள் ஆபத்து நேரும்போது எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினார்.

பொய்யான இடத்தில் பெற்ற பழக்கம் மெய்யான இடத்தில் பயன்படுமா என்ற சந்தேகம் உடனே எழும். இதற்கு நம் தேசத்தில் பழைய விசாரணை உண்டு. பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் சங்கரர், அசத்தியமான சாதனத்திலிருந்து சத்தியமான பயன் பிறக்குமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, விஷம் தீண்டிவிட்டதாக வெறும் சந்தேகம் கொண்டவனும் இறந்துபோவதுண்டு என்றும், வெறும் கோடுகளாகிய எழுத்துக்களைக் கொண்டே மெய்யான ஒலிகளை நாம் அறிகிறோம் என்றும் திருஷ்டாந்தம் காட்டுகிறார். ஆகவே பொம்மை பொய் என்பதனாலேயே பயிற்சியும் பொய்யாகிவிடாது. ஆனால் சங்கரர் வழியில் இவ்வளவு தூரம் வந்தவனுக்கு அடுத்த அடியில் ஒரு கடமை காத்திருக்கிறது: பயன் பிறந்தது என்று வாயால் சொன்னால் போதாது, எவ்வளவு பிறந்தது, எதில் பிறந்தது, பிறந்ததை எதைக் கொண்டு அறிந்தாய் என்று கேட்பவனுக்குக் காட்டியாக வேண்டும். அளவுகருவியைத் தேடும் வேலை இங்கேதான் ஆரம்பமாகிறது.

சில காரியங்கள் சுலபமாக அளவுக்கு அகப்படுகின்றன. இக்காலத்துப் பொம்மைகளின் மார்புக்குள் இருக்கும் உணர்கருவி, மாணவன் ஒவ்வொரு தடவை அழுத்தியபோதும் எவ்வளவு ஆழம் அழுந்தியது, நிமிஷத்துக்கு எத்தனை தடவை அழுந்தியது என்று எழுதி வைத்துவிடுகிறது. வளர்ந்தவர்களுக்கு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டருக்கு மிகாமலும், நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவையும் அழுத்த வேண்டும் என்பது விதி. இங்கே கோதமருடைய பொன் கிடைக்கிறது; ஓர் அளவுகோலைக் கொண்டு பொம்மையின் மார்பையே சோதித்துக்கொள்ளலாம். அதே அறையில் அதே சமயத்தில் நடந்த வேறு காரியங்கள் உண்டு. அருகில் நின்ற நர்ஸ் மருந்தின் அளவு தவறு என்பதைக் கவனித்தாளா, கவனித்ததை வைத்தியரிடம் சொன்னாளா, சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொண்டாரா, எல்லோரும் ஒரே நிலைமையை ஒரே விதமாகப் புரிந்துகொண்டிருந்தார்களா, நடித்த நோயாளியினிடத்தில் மாணவன் காட்டிய தயை உள்ளத்திலிருந்து வந்ததா என்பவற்றைச் சொல்லும் உணர்கருவி எதுவும் இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் அறிய விரும்புவதோ இவற்றைத்தான்.

ஆகவே அவர்கள் காகிதத்தில் கருவி செய்கிறார்கள். கேள்விகளையோ நடத்தைகளின் வர்ணனைகளையோ வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று முதல் நான்கு வரையிலோ ஐந்து அல்லது ஏழு வரையிலோ எண்களை வைத்து, ஒரு மனிதரைக் கொண்டு வட்டம் போடச் சொல்கிறார்கள். 1932-இல் ரென்ஸிஸ் லிக்கர்ட் காட்டிய வழி இது. எண் வந்தவுடன் கூட்டலும் வகுத்தலும் தாமாக வந்துவிடுகின்றன. நான்கு என்று குறிக்கப்பட்ட தைரியம் இரண்டு என்று குறிக்கப்பட்ட தைரியத்தைப்போல் இரு மடங்கு அல்ல, அது வரிசையில் மேலே இருக்கிறது என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது என்பதை எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-லேயே அளவைகளை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். இருந்தும் எண்ணுக்கு ஒரு வசீகரம் உண்டு. தசம ஸ்தானத்தில் இரண்டு இலக்கம் இருந்துவிட்டால் அதை எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் எழுவதில்லை.

புதிதாக ஆராய்ச்சிக்கு வருபவனுக்கு முதலில் தோன்றும் ஆசை, தன் கேள்விகளைத் தானே எழுதிக்கொள்வது. ஒரு மாலைப் பொழுதில் பத்துக் கேள்விகள் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பத்துக் கேள்விகள் எதை அளக்கின்றன என்பது அவனுக்கும் தெரியாது. பிறர் கண்ட பலனோடு தன் பலனை ஒப்பிடவும் வழியிருக்காது. அதனால்தான் மூத்தவர்கள், முதலில் நீ அறிய விரும்புவது இன்னதென்று ஒரே வாக்கியத்தில் எழுது, பிறகு அதே விஷயத்தை அளக்க முயன்றவர்களின் கட்டுரைகளைத் தேடிப் படி, அவர்கள் எடுத்த கருவி முதன்முதலில் யாருக்காக, எந்த நிலைமையில் செய்யப்பட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார் என்கிறார்கள். இந்த வரிசை மாறிவிடுவதே பெரும்பாலான அனர்த்தங்களுக்குக் காரணம். கைக்கு எளிதாகக் கிடைத்த கருவியை முதலில் எடுத்துக்கொண்டு, அது எதை அளக்கிறதோ அதுவே என் கேள்வி என்று பின்னால் சமாதானம் செய்துகொள்பவர்கள் பலர்.

ஓர் உதாரணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர்கள் மயக்க மருந்து வைத்தியர்களோடு சேர்ந்து உருவாக்கி 2003-இல் வெளியிட்ட ஆன்ட்ஸ் என்னும் முறையில், வேலையை நிர்வகித்தல், குழுவோடு சேர்ந்து உழைத்தல், நிலைமையை உணர்ந்திருத்தல், முடிவு செய்தல் என்று நான்கு பெரும் பிரிவுகளும் அவற்றுக்குள் 15 அம்சங்களும் உண்டு. நேரில் கண்ட நடத்தையைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் மதிப்பிட வேண்டும். காண நேராதவற்றை, காணவில்லை என்றே எழுதலாம். இந்தக் கடைசி வசதியை நான் மிகவும் மெச்சுகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இடம் வைத்த கருவிகள் அதிகமில்லை. இந்த முறையைப் பிரசவ அறையில் நர்ஸுகளின் கூட்டுறவை அளக்க ஒருவர் எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இது பரிசோதித்து நிலைநாட்டப்பட்ட கருவி என்று தம் கட்டுரையில் ஒரு வரி எழுதி, அபர்டீன் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு, மேலே போய்விடுவார். அவர் சொன்ன வரியில் பொய் இல்லை. ஆனால் பரிசோதித்தது தனியொரு மயக்க மருந்து வைத்தியரின் நடத்தையைப் பற்றி. அவர் பேசப்போவது ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழுவைப் பற்றி, அதுவும் வேறொரு தொழிலில்.

இந்த இடத்தில் நம் தர்க்க சாஸ்திரத்தின் பெரிய விவாதம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அறிவின் பிராமாண்யம், அதாவது அது மெய்யென்று கொள்ளத்தக்க தன்மை, அதனுள்ளேயே, தோன்றும்போதே, அமைந்திருக்கிறது என்பது மீமாம்சகர் கொள்கை; அது வெளியிலிருந்து, அந்த அறிவைக் கொண்டு செய்த முயற்சி பலிப்பதிலிருந்து, அறியப்பட வேண்டியது என்பது கோதமர் வழிவந்த நையாயிகர் கொள்கை. வேதத்தைக் காக்க வேண்டியிருந்த மீமாம்சகருக்கு அவர்களுடைய கொள்கை அவசியமாக இருந்தது. அச்சிட்ட வினாப்பட்டியை வேதமாகக் கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரீட்சை அளவீட்டு அறிஞர்களான சாமுவேல் மெஸ்ஸிக்கும், அவருக்குப் பின் மைக்கேல் கேனும், நியாய சாஸ்திரம் படிக்காமலே நையாயிகர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கருவிக்குப் பிராமாண்யம் என்று ஒரு குணம் இல்லை. இன்னாரிடம், இன்ன நிலைமையில், இன்ன முடிவுக்காகக் கிடைத்த எண்ணுக்கு நாம் கொள்ளும் அர்த்தத்துக்குத்தான் ஆதாரம் உண்டா இல்லையா என்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் நிலைநாட்டிய கருத்து. உளவியலிலும் கல்வியிலும் உள்ள மூன்று அமெரிக்க சங்கங்கள் சேர்ந்து 1999-இல் வெளியிட்ட பரீட்சை நெறிகள், அந்த ஆதாரம் ஐந்து திசைகளிலிருந்து வரவேண்டும் என்கின்றன: கேள்விகள் விஷயத்தை நிறைவாகத் தழுவுகின்றனவா என்பது, பதில் சொல்பவரோ மதிப்பிடுபவரோ நாம் நினைத்தபடியே புரிந்துகொண்டு குறித்தாரா என்பது, அம்சங்கள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்பது, வேறு அளவுகளோடு சேர வேண்டிய விதத்தில் சேருகிறதா என்பது, அளந்ததனால் என்ன விளைந்தது என்பது. முதல் ஒன்றிரண்டைத் தேடுவதோடு பலர் களைத்துவிடுகிறார்கள். கடைசியானதை ஏறெடுத்தும் பார்ப்பவர்கள் அரிது.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. அது, அறிபவன் யார் என்பது. பாவனைப் பயிற்சி முடிந்ததும் மாணவனிடமே ஒரு படிவத்தைக் கொடுத்து, உனக்குத் தன்னம்பிக்கை வளர்ந்ததா, இந்தச் சிகிச்சையைச் செய்யும் திறமை வந்துவிட்டதா, பயிற்சி திருப்தியாக இருந்ததா என்று கேட்பது மிகவும் வழக்கமாகிவிட்டது. அதில் செலவில்லை, அரை மணிக்குள் எல்லோரிடமிருந்தும் வாங்கிவிடலாம். அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவை இலக்கணத்தோடுதான் தொடங்குகிறார். அங்கே காட்சியை வாயிற்காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்று நான்காக வகுத்திருக்கிறார். தன்னுடைய இன்ப துன்பங்களை ஒருவன் தானே அனுபவித்து அறிவது தன்வேதனைக் காட்சி. அந்த விஷயத்தில் அவனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆகவே பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவனுடைய மனக்கலக்கம் எவ்வளவு என்று அறிய, ஸ்பீல்பெர்கர் வகுத்த பதற்ற அளவையை அவனிடமே கொடுப்பது நியாயம். ஆனால் மூச்சுக்குழாயில் குழல் செலுத்தும் திறமை உனக்கு வந்துவிட்டதா என்று அவனையே கேட்பது, தன்வேதனைக்கு உரிய ஆசனத்தில் வாயிற்காட்சிக்கு உரிய விஷயத்தைக் கொண்டுவந்து உட்கார வைப்பதாகும். திறமை பிறர் கண்ணுக்குப் புலனாக வேண்டிய பொருள்.

இது வெறும் தர்க்கம் அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்ரூகரும் டன்னிங்கும் 1999-இல், தேர்ச்சியில் கடைசி வரிசையில் நின்றவர்களே தங்களை மிகவும் உயர்த்தி மதிப்பிட்டுக்கொண்டதைக் காட்டினார்கள். 2006-இல் வெளிவந்த ஒரு திறனாய்வு, வைத்தியர்கள் தங்களைப் பற்றிச் செய்துகொண்ட மதிப்பீட்டையும் பிறர் செய்த அளவையும் ஒப்பிட்ட 20 ஒப்பீடுகளில் 13-இல் சம்பந்தம் மிகக் குறைவாகவோ, இல்லாமலோ, தலைகீழாகவோ இருந்தது என்று கண்டது. தன்னம்பிக்கையை அளந்துவிட்டுத் திறமை வளர்ந்தது என்று முடிவு கூறும் கட்டுரைகளை நாம் அதிக மரியாதையோடு படிக்க வேண்டியதில்லை. தயை என்பதோ இன்னும் சிக்கலானது. பிலடெல்பியாவில் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தாரின் பரிவு அளவை, 20 வாக்கியங்களுக்கு ஏழு படிகளில் சம்மதமோ மறுப்போ சொல்லச் சொல்கிறது. அது ஒருவன் பரிவைப் பற்றி என்ன எண்ணுகிறான் என்பதைச் சொல்லக்கூடும். நோயாளி அந்தப் பரிவைப் பெற்றாரா என்பதற்கு நோயாளியைத்தானே கேட்க வேண்டும்? பரிவு என்னும் ஒரே பெயரின் கீழ் எண்ணம், நடத்தை, பெற்றவரின் அனுபவம் என்று மூன்று பொருள்கள் கிடக்கின்றன. எது வேண்டும் என்று நிர்ணயிக்காமல் கருவி தேடப் போனவனுக்கு மூன்றில் ஒன்று தற்செயலாகக் கிடைக்கும்.

சரி, பிறர் கண்ணையே நம்புவோம் என்றால் அந்தக் கண்ணுக்கும் திரிபு உண்டு. எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல், ராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்கு இட்ட மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, ஒருவனுடைய தேகக்கட்டு, புத்தி, தலைமைத்தன்மை, நடத்தை எல்லாம் நம்பமுடியாத அளவுக்கு ஒத்துப்போவதைக் கண்டார். ஒரு குணத்தில் மனம் கவரப்பட்டவர் மற்றவற்றிலும் தாராளமாக எண்ணை அள்ளி வீசியிருக்கிறார். அதற்காகவே ஆராய்ச்சியில் இருவரைக் கொண்டு தனித்தனியே மதிப்பிடச் செய்து, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இருவர் இசைவு எவ்வளவு என்று ஜேக்கப் கோஹன் 1960-இல் வகுத்த கப்பா என்னும் கணக்கால் பார்க்கிறார்கள். இசைவு நல்லதுதான். ஆனால் ஒரே ஆசிரியரிடம் படித்து, ஒரே பாரபட்சத்தைக் கற்றுக்கொண்ட இருவர் அற்புதமாக இசைந்திருப்பார்கள். நம்பகம் வேறு, மெய்ம்மை வேறு என்பதை எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. கட்டுரை எழுத உட்காரும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

பிற தேசத்துக் கருவியைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவருக்குச் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பாராத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விளக்கினார். இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். அந்தச் சோதனையில் ஒரு குறையுமில்லாமல் தேறிய வாக்கியமும் நம்மிடையே வேறொன்றை அளக்கக்கூடும். மேலதிகாரி தவறும்போது குழுவில் உள்ளவர் வெளிப்படையாக எதிர்த்துச் சொன்னாரா என்று படிவம் கேட்கிறது. நம் ஆஸ்பத்திரியில் அனுபவமுள்ள ஒரு நர்ஸ், “சார், அந்த டோஸை ஒருதரம் பார்த்துடறீங்களா?” என்று தாழ்ந்த குரலில் சொல்வாள், அதைக் கேட்ட வைத்தியருக்கும் சுற்றி நின்றவர்களுக்கும் அது எவ்வளவு கடுமையான ஆட்சேபம் என்பது நன்றாகத் தெரியும். படிவத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் மதிப்பீட்டாளர் அவளுக்கு ஒன்று என்று குறித்துவிட்டுப் போவார். இத்தகைய படிவத்தைப் பயன்படுத்துமுன், இங்கே எதிர்ப்பு எந்த உருவத்தில் வருகிறது என்று இங்கேயே உட்கார்ந்து கேட்டறிய வேண்டியிருக்கும். அதற்கு ஆறு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

கருவி ஒருவருடைய உழைப்பில் பிறந்தது, ஆகவே செய்தவரின் அனுமதி வாங்க வேண்டும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1975-இல் வெளிவந்து உலகமெங்கும் வைத்தியர்கள் தாராளமாகப் பயன்படுத்திவந்த ஞாபகசக்திப் பரிசோதனை ஒன்றுக்குப் பிற்காலத்தில் உரிமை கோரப்பட்டு, இப்போது அதைக் கட்டணம் கொடுத்துப் பெற வேண்டியிருக்கிறது. அனுமதி வாங்கியவரும் தம் வசதிக்கு நான்கு கேள்விகளைக் கத்தரித்துவிட்டால், அவர் கையில் இருப்பது பழைய பெயர் தாங்கிய புதிய கருவி. அதற்குரிய ஆதாரத்தை முதலிலிருந்து தேட வேண்டும்.

கடைசியாக, ஏறெடுத்துப் பார்ப்பவர் அரிது என்று சொன்ன விளைவைப் பற்றி. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி பரீட்சை, மாணவனை ஓர் இடத்திலிருந்து மறு இடத்துக்கு மணியடித்து நகர்த்தி, ஒவ்வோரிடத்திலும் சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டு மதிப்பிடும் முறை. பழைய வாய்மொழிப் பரீட்சையின் பட்சபாதத்துக்கு அது ஒரு நல்ல மருந்தாக வந்தது. பட்டியல் தெரிந்துபோன மாணவன் பட்டியலுக்காகவே பேசக் கற்றுக்கொண்டான். நோயாளி வாய் திறப்பதற்கு முன்னாலேயே, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்று சொல்லி மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டான். 1999-இல் டொரன்டோ அறிஞர்கள் மாணவர்களையும், பயிற்சி வைத்தியர்களையும், தொழிலில் ஊறிய குடும்ப வைத்தியர்களையும் ஒரே பரீட்சையில் உட்கார வைத்துப் பார்த்தபோது, நிபுணர் முழுமையாக நோக்கி இட்ட மதிப்பீட்டில் மூத்தவர்களின் மேன்மை தெரிந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் அது தெரியவில்லை. மூத்தவர் தேவையில்லாத கேள்விகளைத் தாண்டிப் போய்விடுகிறார்; பட்டியல் அவற்றுக்கெல்லாம் பூஜ்யம் போடுகிறது. முதலாண்டு மாணவனுக்குப் பட்டியல் பொருந்தும், அவன் ஒன்றையும் விடாமல் செய்யக் கற்க வேண்டியவன். அனுபவம் ஏற ஏற முழு நோக்கான மதிப்பீட்டுக்கு மாற வேண்டியிருக்கிறது. முழு நோக்கு என்பதோ நோக்குபவருக்கும் அந்தத் தொழில் கைவந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. அப்படிப்பட்டவர் இருவர் கிடைக்காத இடத்தில், வேறு படிவம் தேடி அலைவதைவிட, ஆராய்ச்சியின் கேள்வியைச் சிறிதாக்கி, பொம்மையின் மார்பு சொல்லக்கூடிய அளவோடு நிறுத்திக்கொள்வது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.